தம்பி ஓடிய வழியில் நானும்

காஜா பெராங்,
மலாக்கா.
14.10.57

அன்பு மகள் கோகிலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

இங்கே நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே சுகம் என்று வைத்துக்கொள். அந்தச் சீமைக் குளிரில் உனக்குத் தடுமன், இருமல் ஏதும் அண்டாமல் முருகன் காப்பாற்ற வேண்டும். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் இப்போது இரவு வேலை போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுத்துவிடாதே, ஒரு துண்டு ரொட்டியையாவது பாலில் நனைத்துத் தின்றுவிட்டுப் படு. நர்ஸ் படிப்புப் படிக்கிறவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்வேன். இந்த வருடம் நமக்குத் தீபாவளி கிடையாது, ஆகையால் முறுக்குப் பார்சலை எதிர்பார்க்காதே. பக்கத்து வீட்டு சந்திரமதி டீச்சர் தான் சுட்டு அனுப்புவதாகச் சொன்னார், வருடம் திரும்பட்டும் என்று நான்தான் தடுத்துவிட்டேன். நான் காலையில் ஓடுகிற சங்கதியை உனக்கு எழுதியதும் அந்த டீச்சராகத்தான் இருக்கும். ஐம்பத்திரண்டு வயதில் இது என்ன விளையாட்டு அப்பா, நெஞ்சு தாங்குமா என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான், பதில் சொல்கிறேன்.

உன் அப்பன் ஓட்டக்காரன் இல்லை என்பது உனக்குத் தெரியும். பஸ் கண்ணெதிரே கிளம்பினாலும் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற ஆள். ஓடுகிறவன் நம் வீட்டில் உன் தம்பி ஒருவன்தான். தம்பி பொன்னுதுரையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த உறவுக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போன அன்று சாயங்காலம் உன் அம்மா பித்தளைக் கிண்ணத்தில் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை எடுத்து ஊறப் போட்டாள். அவன் பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் சேர்ந்ததிலிருந்து அவனுக்காகச் செய்கிற வேலை, பழக்கத்தில் செய்கிறாள் என்று விட்டுவிட்டேன். விடியற்காலை எழுந்தாள், முகம் கழுவினாள், கடலையை வடித்து ஒரு வெல்லத் துண்டையும் வைத்து வாசல்படியில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு வெளிக் கேட்டைத் திறந்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. யாராவது ஓடிப் போனால்தான் தான் உள்ளே வர முடியும் என்பதுபோல நின்றுகொண்டே இருந்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை அம்மா. போய் அந்தக் கடலையைத் தின்றேன், தின்றுவிட்டு வேறு என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். தெருமுனை வரைதான், அதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. திரும்பி வந்தபோது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் போன பிறகு அவளாக அடுப்பு மூட்டியது அன்றுதான்.

அன்று தொடங்கியது, ஒரு நாளும் விடவில்லை. மழை பெய்தாலும் ஓட்டம்தான், முதல் நாள் கிடங்கில் ரப்பர் லோடு வந்து இடுப்பு ஒடிந்தாலும் ஓட்டம்தான். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு எட்டு மணிக்குக் கிடங்கில் கணக்கெழுதப் போகிறேன், கிராணிக்கு என்ன ஆயிற்று, நாற்காலியில் உட்கார இத்தனை நேரமா என்று முதலாளி தவுக்கே சிரிக்கிறார். நம் ஊரில் ஓடுகிறவனைக் கண்டால் துரத்துகிறவன் எங்கே என்றுதான் பார்க்கிறார்கள். முதல் வாரம் ரோந்து வந்த போலீஸ்காரர் நிறுத்தி அடையாளக் கார்டு கேட்டார், சட்டையே இல்லாமல் பனியனோடு நின்றவன் கார்டுக்கு எங்கே போவேன். மகன் ஓடின வழி, அதனால் ஓடுகிறேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன், அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போகச் சொன்னார். கம்போங் செட்டியில் வாசல் கூட்டுகிற அம்மாள் இப்போது என்னைப் பார்த்ததும் துடைப்பத்தை ஒதுக்கி வழி விடுகிறாள். தம்பி புக்கிட் ரம்பாய் சாலை வரை போய்வருவான், நான் தெங்கேராவில் அப்துல் கய்யூம் டீக்கடையோடு சரி. கய்யூம் தண்ணீர் கொடுத்துவிட்டு, அண்ணே, மெதுவா ஓடுங்க, நீங்களும் விழுந்துட்டா அக்காவ யாரு பாப்பா என்று தினமும் ஒரு பாட்டம் சொல்லித்தான் அனுப்புகிறான்.

வழியில் சுதந்திரத்துக்குக் கட்டிய அந்த மெர்டேக்கா வளைவு இன்னும் நிற்கிறது, துணியெல்லாம் வெளுத்துத் தொங்குகிறது, பிரிக்க ஆள் இல்லை. அதைக் கட்டும்போது சிந்திய ஆணிதான் அவன் காலில் ஏறியது. அதைக் கட்டியவர்களை நான் மனதுக்குள் திட்டாத நாள் இல்லை, பாவம், அவர்கள் சந்தோஷத்தில் கட்டினார்கள், இவன் வெறுங்காலில் ஓடுகிறவன் என்று அவர்களுக்குத் தெரியுமா. ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு நொண்டிக்கொண்டு வந்தான். நம் வீடுகளில் எல்லோரும் செய்கிறதுதான், உன் அம்மா மஞ்சளை எண்ணெயில் காய்ச்சித் துணியில் தொட்டுச் சூடாக வைத்துக் கட்டினாள். காயம் மூடிக்கொண்டது, இரண்டாம் நாளே மறுபடி ஓடினான், அம்மா கைமருந்து என்று அவளைக் கேலியும் செய்தான். அதன் பிறகு தாடை பூட்டிக்கொண்டதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் போன கடிதத்தில் எழுதிவிட்டேன், மறுபடி எழுதக் கை வரவில்லை. கொடி ஏறிய அன்று தெருவெல்லாம் கூவிக்கொண்டு போனார்கள், நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். நாடு கிடைத்த சந்தோஷத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும் கோகிலா, எனக்கு அது கிடைக்கவில்லை.

இனி சொல்லப் போவதுதான் முக்கியம், உட்கார்ந்து படி. உன் கடிதம் வந்தால் நான் சத்தமாகப் படிக்க, உன் அம்மா கேட்பது வழக்கம். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் முன்கூட்டிப் பார்க்காமல் படித்துக்கொண்டே போனேன். ஆணி குத்திய அன்றே ஓர் ஊசி போட்டிருந்தால் தம்பி பிழைத்திருப்பானே, மஞ்சளை வைத்துக் கட்டினீர்களே, யாருக்கும் தோன்றவில்லையா என்று நீ எழுதியிருந்த வரி என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அவள் கீரையைக் கீழே வைத்தாள். அப்படி ஒரு ஊசி இருந்திச்சாங்க என்று கேட்டாள். தெரியாது என்றேன். கடிதத்தை வாங்கி, விரலை வைத்து எழுத்துக்கூட்டி அந்த வரியை மட்டும் தானே படித்தாள், எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு மஞ்சள் டப்பாவை அப்படியே கொண்டுபோய் சந்திரமதி டீச்சர் வீட்டில் கொடுத்துவிட்டாள். இப்போது குழம்பு, ரசம் எதிலும் மஞ்சள் இல்லை. குளிக்கும்போது முகத்துக்குப் பூசுவதையும் விட்டுவிட்டாள். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் சிவகாமி, ஊர் என்ன சொல்லும் என்று வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடலை ஊறப் போடுவதும் அன்றோடு நின்றது. மறுநாள் நானே எழுந்து நானே கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவிட்டு வந்தேன். அவன்தான் இல்லையே, நீங்க ஏன் ஓடுறீங்க என்று சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கேட்டாள். அவன் இல்லை என்று அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இருந்தும் ஓடுகிறேன். நானும் படுத்துவிட்டால் இந்த வீட்டில் எழுந்திருக்க ஆள் இல்லை. ஆனால் என் ஓட்டத்தால் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. ஒரு பிடி சோற்றை ஒரு பகல் முழுக்கப் பிசைந்துகொண்டிருக்கிறாள்.

உன்மேல் எனக்கு வருத்தமில்லை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் நீ, படித்த படிப்பு சொந்தத் தம்பிக்கு உதவவில்லையே என்ற ஆற்றாமையில் எழுதிவிட்டாய். இப்போது அப்பா கேட்பதை மட்டும் செய். உன் அம்மா பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. நீ அவசரப்பட்டு எழுதிவிட்டதாக எழுது. பெரிய டாக்டரிடம் விவரம் சொல்லிக் கேட்டதாகவும், ஆணி போயிருந்த ஆழத்துக்கு எந்த ஊசியும் கேட்டிருக்காது, அம்மா செய்ததில் ஒரு பிசகும் இல்லை என்று அவர் சொன்னதாகவும் எழுது. பொய் எழுதச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். பொய் சொன்னதற்காகச் சின்ன வயதில் உன்னை முட்டி போட வைத்தவனும் நான்தான். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள், நீ நர்ஸ், நீ சொன்னால் நம்புவாள். ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டேன், அவளையும் கொடுக்க என்னால் ஆகாது.

நீ நூறாண்டு நோய் நொடியில்லாமல் இருந்து, எடுத்த படிப்பை நல்லபடி முடித்து, எங்களிடம் வந்து சேர எல்லாம் வல்ல இறைவன் துணையிருக்கட்டும். குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள், கம்பளி போதாவிட்டால் மறைக்காமல் எழுது. மறந்துவிடாதே, அம்மாவுக்கு எழுதுவதைத் தமிழில் பெரிய எழுத்தாக, இடம் விட்டு எழுது, அவள் யாரிடமும் கொடுக்காமல் தானே படிக்க வேண்டும். நான் இப்படி எழுதியதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வரக்கூடாது. அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன் அம்மா, காயத்தைப் பார்த்துவிட்டு இதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று சொன்ன ஆள்களில் நானும் ஒருவன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சேதுராமன்