குசினிக்குள் வராத மனிதருக்கு

அன்புள்ள இவருக்கு,

உங்கள் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. ஊராருக்கு முன்னால் "இவர்", வீட்டுக்குள் "இஞ்சாருங்கோ". இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அன்புள்ள என்று எழுதியது பொய்யில்லை. ஆனால் அன்பைச் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம். உயிரோடு இருந்தவரை அதைச் சொல்ல நீங்கள் விட்டதேயில்லை.

வருகிற மாதம் உங்கள் ஆட்டத்திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். மெல்பேர்ணில் எங்கள் நோபல் பார்க் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் உங்கள் புகழ் பாடிவிட்டுத்தான் போகிறார்கள். போன ஞாயிறு உங்களோடு வேலை செய்த ஒருவர் ஹோலில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி, "அந்த இந்தோனேசியாக் கதையை அண்ணை சொல்லேக்க சிரிச்சு வயிறு நொந்து போகும் அக்கா" என்றார். நானும் சிரித்து வைத்தேன். பிறகு குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

கலியாண வீடோ பிறந்தநாளோ, எங்கே போனாலும் உங்களுக்கு அந்தக் கதை வேண்டும். "மலைக்காட்டுச் சனம். சாரத்தைத் தோளில சுத்துதுகள். முன்னுக்கு ஹோல் சும்மா கிடக்குது, வந்த ஆக்களைப் பின்பக்கத்தால கூட்டிக்கொண்டு போய் அடுப்படியில இருத்துதுகள்." சபை சிரிக்கும். நீங்கள் என் பக்கம் திரும்ப மாட்டீர்கள்.

அந்த ஊரைப் பற்றி நான் ஒரு முறையாவது சொல்ல வேண்டாமா?

ஜாவாத் தீவின் கிழக்கே, ஒரு எரிமலைக்குப் பக்கத்து மலையில் இருக்கிறது அது. அவுஸ்திரேலியாவுக்குப் படகு வெளிக்கிடும்வரை ஒளித்திருக்கச் சொல்லி ஏஜென்ட் எங்களை லொறியில் கொண்டுபோய் இறக்கிய ஊர். பெயரைச் சொன்னால் அடிவாரத்து நகரத்தில் இருப்பவர்களே "எங்கே?" என்று கேட்பார்கள். உருளைக்கிழங்கும் கோவாவும் லீக்ஸும் போடுகிற தோட்டங்கள், நின்று கொத்தினால் கால் வழுக்குகிற சரிவுகள். சில நாட்களில் எரிமலைச் சாம்பல் வந்து இலைகளில் படியும். அதை உதறிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மத்தியானம் சாயும்போது பனிப்புகார் இறங்கும், முன்வீடு தெரியாது. அந்தக் குளிருக்குத்தான் இடுப்பில் கட்டுகிற சாரத்தைத் தோளில் சுற்றினார்கள். அவர்களும் இந்துக்கள். அதை மட்டும் உங்கள் கதையில் நீங்கள் ஒருநாளும் சேர்த்ததில்லை.

அங்கே வீட்டின் உயிர் குசினிதான். அடுப்பு அணைவதில்லை. முன் ஹோல் மரக்கறி வாங்க வருகிற வியாபாரிக்கும் அரசாங்கக் கந்தோர்க்காரருக்கும். தன்னுடைய ஆள் என்று நினைத்தால் மட்டும் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப் போய் நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை போட்டு இருத்துவார்கள். ஹோலை ஒட்டிய முன் அறையை எங்களுக்கு வாடகைக்குத் தந்த இபு சுமியும் முதல் நாளே அதைத்தான் செய்தாள். இபு என்றால் அம்மா. நான் போய் இருந்தேன். நீங்கள் குசினி வாசலிலேயே நின்றீர்கள். "நான் என்ன இவளிட்டக் கூலிக்கு வந்தவனே?" என்று என்னைத் தமிழில் கேட்டீர்கள்.

உங்களுக்கு அந்த எண்ணம் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். ஊரில் உங்கள் ஐயா வீட்டில் கூலிக்கு வந்தவர்களுக்குக் குசினிக்கு வெளியே, கோடியில்தான் சோறு போட்டீர்கள், அதுவும் வெறும் நிலத்தில் இருத்தி. நீங்கள் ஆட்களுக்குச் செய்ததை உங்களுக்கும் யாரோ செய்கிறார்கள் என்று பயந்துவிட்டீர்கள். அதன் பிறகு அந்த வாசற்படியை நீங்கள் தாண்டவேயில்லை. உங்கள் சாப்பாடு முன் அறைக்கு வந்தது, கதிரைக்கு. நான் மட்டும் நீங்கள் வெளியே போகிற நேரங்களில் அடுப்படியில் இருந்து இபுவிடம் அவள் பாஷையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கிக்கொண்டேன்.

எங்கள் மூத்த பிள்ளை பிறந்தது அங்கே, மழைக்காலத்தில். முன் அறையின் சீமெந்து நிலம் ஈரம் குடித்துக் கிடந்தது. மாதம் முடிய முன்னமே அவளுக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. இபு சுமி தன் சாரத்தை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு வந்து, "நெருப்புக்குப் பக்கத்தில், நெருப்புக்குப் பக்கத்தில்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"அடுப்படியில கிடத்திறதுக்கு என்ர பிள்ளை என்ன பூனைக்குட்டியே?"

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள். தூக்கிக்கொண்டு போக எழும்பிய என்னைத் தோளில் அழுத்தி இருத்தினீர்கள். அடுத்த நாள் காலை அவள் இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பயந்ததை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். எங்களிடம் ஒரு கடதாசியும் இருக்கவில்லை, பொலிஸ் பிடித்திருக்கும். ஆனால் அடுப்படிக்குப் போக என்ன கடதாசி வேண்டும்? நெருப்புக்குப் பக்கத்தில் கிடத்தியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நீங்கள் விடவில்லை. என் கோபம் அதுதான்.

மெல்பேர்ணுக்கு வந்த பிறகு, "முடிஞ்சதைக் கிண்டாதை" என்றீர்கள். ஆரணி பிறந்தபோது தாதியிடம் "முதல் பிள்ளை" என்றீர்கள். பிறகு அந்த வீட்டையே பகிடிக் கதையாக்கிவிட்டீர்கள். எப்படி மனம் வந்தது?

போன பள்ளி விடுமுறைக்கு ஆரணியோடு அங்கே போய் வந்தேன். அக்கா ஒருத்தி இருந்தாள் என்பதை விமானத்தில் வைத்துத்தான் சொன்னேன். அப்பா ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

இப்போது ஊருக்குத் தார் ரோட்டு வந்துவிட்டது. இபு சுமிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் மணிக்கட்டைப் பிடித்தாள். முன் கதவு திறந்துதான் கிடந்தது, அதைத் திரும்பியும் பார்க்காமல் எங்களைக் குசினிக்குக் கூட்டிப் போனாள். உங்களைப் பற்றிக் கேட்டாள். இறந்துவிட்டார் என்றேன். எங்கள் பக்கத்தில் இன்னொரு பலகையை இழுத்துப் போட்டு, "இது அவருக்கு" என்றாள். அதை எட்டி உதைக்க வேண்டும்போல் எனக்கு வந்தது.

பிறகு தயங்கித் தயங்கி, "எங்கள் குசினியில் அவருக்கு என்ன பிழை தெரிந்தது?" என்று கேட்டாள். இவ்வளவு காலமும் தன்னில்தான் ஏதோ பிழை என்று அந்த மனிசி நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். உங்களைக் காப்பாற்ற நான் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரைக் குசினிக் கோடியில் இருத்துவோம், ஏன் இருத்துவோம் என்று தெரிந்த சொற்களில் சொன்னேன். நெருப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படி வெளியே இருத்தினால் அந்த ஆட்களுக்குக் குளிராதா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் காலை பிள்ளையைப் பார்க்க, அவளைப் புதைத்த இடத்துக்குப் போனோம். ஊர்த் திருநாளில் வீட்டுக்கு வீடு தங்கள் செத்தவர்களுக்குப் பூக் கொண்டுபோவார்கள். இபு சுமி ஒவ்வொரு வருடமும் எங்கள் பிள்ளைக்கும் கொண்டுபோயிருக்கிறாள். பெயர் இல்லாமல் கூப்பிட முடியாது என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். வுலான். அவர்கள் பாஷையில் நிலவு. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு நல்ல பெயர் பார்த்து வைப்போம் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அவளுக்கு. வேறு யாரோ வைத்துவிட்டார்கள்.

இனி நான் தருகிற வாக்கைக் கேளுங்கள். ஆட்டத்திவசத்துக்கு உங்களுக்குப் பிடித்த எல்லாம் சமைப்பேன், குறை வைக்க மாட்டேன். ஆனால் உங்கள் படத்தை ஹோலில் வைக்க மாட்டேன். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து அங்கேயே படைப்பேன். வருகிறவர்களைப் பின்கதவால் கூட்டி வந்து அங்கேயே இருத்துவேன். உங்கள் கதையை முழுதாகச் சொல்வேன், இந்த முறை பிள்ளையோடு. சிரிக்க முடிந்தவர்கள் சிரிக்கட்டும். படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை இருக்கும், அது வுலானுக்கு. நீங்கள் அவளுக்குப் பக்கத்தில், சூட்டில், பேசாமல் இருங்கோ.

இப்படிக்கு,
வுலானுக்கும் ஆரணிக்கும் அம்மா,
உங்கள் மனைவி