சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் பரனூருக்கும் நடுவில்

என் ஷகீ,

உன்மேல் ஸலாம். நம் வீட்டில் பெண்கள் உன்னை அடக்கிய கபரடிக்குப் போவதில்லை. ஆண்கள் போய் ஓதிவிட்டு வந்து, உன்னை நேரில் பார்த்துவிட்டு வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு டீ கேட்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. உன்னிடம் பேச எனக்கு வேறு இடமில்லை. அதனால்தான் ஊரறியப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

நீ போய் ஏழு மாதம். பொத்தேரியில் நம் நர்சிங் கல்லூரியின் பயிற்சி அறை அப்படியே இருக்கிறது. கட்டிலில் அதே பொம்மை நோயாளி. கண்ணாடிக்குப் பின்னால் நாம் இருவரும் இடித்துக்கொண்டு உட்காரும் சின்ன அறை. நீ மைக்கில் பொம்மைக்குக் குரல் கொடுப்பாய். பிள்ளைகள் எதைச் செய்தார்கள், எதை விட்டார்கள் என்று நான் பட்டியலில் டிக் அடிப்பேன். "இன்னா சிஸ்டரு, எனக்கு நெஞ்ச அடைச்சிக்கினு வருது, நீ பேப்பர பாத்துக்கினு கீற!" என்று நீ கத்தினால் முதல் வருஷப் பிள்ளைகள் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிடுவார்கள். எனக்குச் சிரிப்பு தாங்காது.

பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருத்தியையும் உட்கார வைத்து, "அந்த நேரத்துல மனசுல இன்னா ஓடுச்சு?" என்று கேட்பாய். அதற்குத்தான் நமக்குள் எத்தனை சண்டை! மார்க் தாளில் மனசுக்குக் கட்டம் இல்லை என்பேன் நான். "கை தப்பு பண்றதுக்கு முன்னாடி மனசு பண்ணிடுதுடி, லூசு" என்பாய். உனக்குப் படபடவென்று தோன்றும், எனக்கு எல்லாம் வரிசையாக வர வேண்டும். வரிசையாக யோசிப்பவள் தப்பு செய்ய மாட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமல்லபுரத்தில் உன் அம்மா, என் சித்தி, யார் வந்து கேட்டாலும் ஒன்றையேதான் சொல்கிறார். "பக்கத்துலயே ரஹ்மத்து இருந்தா. நர்ஸு. எம் பொண்ணு வலிக்குதுன்ன ஒடனே பாத்துக்கினா. அதுக்கு மேல அல்லா நாட்டம்." அவர் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு ஆறுதலைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். உடனே இல்லை, ஷகீ. போன வாரம் வரை அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மதியம் பொத்தேரியில் ரயில் ஏறினோம். நீ செங்கல்பட்டில் இறங்கி மாமல்லபுரம் பஸ் பிடிக்க வேண்டும். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் நெஞ்சில் கை வைத்து, "ரஹ்மத்து, நெஞ்ச அடைக்குதுடி" என்றாய். காலையிலிருந்து நாலு தடவை அதே வார்த்தையை மைக்கில் கேட்டிருந்தேன். சிரித்தேன். "சம்பளம் குடுக்கற எடத்துல நடி, போதும்" என்றேன். நீ மறுபடி சொன்னாய். "மார்க்கு போட்டாச்சுடி" என்றேன். பரனூரில் வண்டி நின்றபோதுதான் உன் முக்காடு வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் வரிசையாகத்தான் செய்தேன். ஆனால் சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் நீ போய்விட்டாய். ஐந்து நிமிஷம் முன்னால் ஆம்புலன்சைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் பொதுவாகக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். சொல்ல முடியாது என்றால் என்ன அர்த்தம், ஷகீ?

பொம்மை ஏழு மாதமாக ஊமையாகக் கிடந்தது. நான் மைக்கைத் தொடவே இல்லை. பிள்ளைகளும் அலட்டிக்கொள்ளாமல் முழு மார்க் வாங்கினார்கள். போன வாரம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு நானே குரல் கொடுத்தேன். உன் அளவுக்கு வரவில்லை. ஆனாலும் ஓயாமல் நச்சரிக்கும் கிழவராக, தண்ணி கொண்டா, ஃபேன் போடு என்று முதல் வருஷம் படிக்கும் கீர்த்தனாவைப் படுத்தி எடுத்தேன். பிறகு நெஞ்சு அடைக்கிறது என்றேன். அவள் தலையணையைச் சரி செய்துவிட்டு, "ஒண்ணும் இல்ல தாத்தா, படுங்க" என்றாள்.

திரையில் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டே போனது. நீயாக இருந்தால் பாவம் பார்த்துப் பொம்மையைப் பிழைக்க வைத்திருப்பாய். சாகட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று உன்னோடு மல்லுக்கு நிற்பவள் நான். இரண்டுக்கும் எனக்கு மனம் வரவில்லை. பயிற்சியை நிறுத்திவிட்டு வெளியே வந்து உன் கேள்வியைக் கேட்டேன்.

"வந்ததுலேர்ந்து கத்திக்கினே இருந்தாரு மேடம். கடுப்பாயிடுச்சு. இதுவும் சும்மான்னு நெனச்சிட்டேன்" என்றாள். பட்டியலில் இருந்த அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். நான் ஒருநாளும் இந்த வேலைக்கு லாயக்கில்லை, படிப்பை விட்டுவிடுகிறேன் என்று அழுதாள்.

அப்போதுதான் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் ரயிலில் நடந்ததைச் சொன்னேன். கடுப்பில் அவள் கேட்கவில்லை, பிரியத்தில் நான் கேட்கவில்லை. நோயாளிக்கு அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. கீர்த்தனா அழுகையை நிறுத்திவிட்டு, "இத அவங்க வூட்ல சொல்லிட்டீங்களா மேடம்?" என்று கேட்டாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. இல்லை என்று தலையாட்டினேன். மறுநாள் அவள் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

எனக்கு நீ வேண்டும், ஷகீ. என் டப்பாவிலிருந்து நாஸ்தாவை எடுத்துத் தின்றுவிட்டு உப்பு இல்லை என்று குறை சொல்ல நீ வேண்டும். ரயிலில் இப்போதும் உனக்கு ஜன்னல் பக்கம் விட்டுத்தான் உட்காருகிறேன். யாராவது வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு ஆண்கள் போனபின், சித்தி தனியாக இருக்கும்போது போகப் போகிறேன். நீ வலிக்கிறது என்று சொன்னபோது நான் சிரித்தேன் என்று சொல்லிவிடுவேன். அவருக்கு இருக்கும் ஒரே ஆறுதலை நானே பிடுங்குகிறேன். அதற்கப்புறம் அந்த வாசலில் என்னை ஏற்றுவாரோ, மாட்டாரோ. ஆனால் இந்தக் கடிதம் அச்சில் வருவதற்குள் அது என் வாயால் அவர் காதில் விழுந்திருக்கும். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

உன்னைவிட மூன்று மாதம் மூத்த
உன் பெரியம்மா மகள்,
ரஹ்மத்