தோய்க்கிற கல்லுப் பக்கம்

செஞ்சி
31-3-86

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு,

நீ உன் நைனா வீட்டுல சவுக்கியமா இருப்பன்னு தெரியும். நான் எப்படி இருக்கேன்னு நீ கேக்கமாட்ட. நானே சொல்லிடறேன், நல்லா இல்ல.

இன்னா தப்பு பண்ணேன் நான்? நாலு நாள் நீ ஊருக்குப் போயிருந்தப்ப, திரும்பி வந்து அசந்து போகணும்னு ஆள் வச்சி தோட்டத்த சுத்தம் பண்ணேன். புதர் மாதிரி கெடந்ததை எல்லாம் வெட்டிப் போட்டுட்டு, பெங்களூர் ரோஜா எட்டு, குரோட்டன்ஸ் ஆறு தொட்டி வச்சேன். தெருவே வந்து பாத்துட்டுப் போச்சி. நீ வந்த, கேட்டண்ட நின்ன. நான் உள்ள போய் காபி போட்டு எடுத்தாறதுக்குள்ள அதே பையைத் தூக்கிக்கினு திரும்புற பஸ்ஸுல ஏறிட்ட. கை ரெண்டும் மண்ணா இருந்துச்சின்னு பக்கத்து வீட்டு அசீசுன்னிசா அக்கா சொன்னாங்க. ஆறின காபிய நான்தான் குடிச்சேன்.

நேத்து மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தேன். ராஜகிரி மலை நம்ம கொல்லையில வந்து உக்காந்துக்கினு இருக்குது, நீ அதுக்கு சொம்புல தண்ணி ஊத்துற. முழிச்சிப் பாத்தா குரோட்டன்ஸ்தான் இருந்துச்சி.

தபாலாபீஸுல ஊருக்கெல்லாம் முத்திரை குத்துறவன் நான். இதுக்கும் நானே குத்தி அனுப்பறேன். பதில் போடு.

உன்
பாண்டுரங்கன்


அனந்தபுரம்
9-4-86

அவருக்கு ரஞ்சிதம் எழுதுறது.

புதர்னு எழுதியிருக்கீங்க. அந்தப் புதருல ஒவ்வொண்ணுக்கும் பேரு இருக்குது. கேட்டண்ட இருந்தது நொச்சி. வேலியோரம் மஞ்சளா பூத்தது ஆவாரை. கெணத்தண்ட இருந்த களாச்செடி, பனமலை ஏரிக்கரையில இருந்து பஸ்ஸுல மடியில வச்சிக் கொண்டாந்தது. முள்ளு குத்தி கத்தினது நீங்கதான். இந்த மண்ணுக்கும் இந்த வெயிலுக்கும் தாங்குறதா பாத்துப் பாத்து ஆறு வருஷமா வச்சேன்.

எனக்குக் கோவம் செடிக்காக மட்டும் இல்ல. எல்லாத்தையும் நாம சேந்துதான் கொண்டாந்தோம். உங்களுக்கு ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. அப்ப ஆறு வருஷமா நான் யாருகூட பேசிக்கினு இருந்தேன்?

இங்க விடியறப்ப தூக்கத்துல நொச்சி வாசனை வருது. எழுந்து பாத்தா அம்மா எருமைக்குத் தவிடு கலக்கிக்கினு இருக்கிறாங்க. நான் வர்றதா இல்ல. சாம்பார் பொடி ரெண்டாவது தட்டுல இருக்குது.

ரஞ்சிதம்


செஞ்சி
15-6-86

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு,

அக்னி நட்சத்திரத்துல ரோஜா எட்டும் கருகிப்போச்சி. குரோட்டன்ஸுல ஒண்ணே ஒண்ணு பொழச்சிருக்குது. உன் செடி எதுவும் இந்த வெயிலுக்கு ஒருநாளும் வாடினதில்லன்னு இப்பதான் உறைக்குது.

போன ஞாயித்துக்கிழமை நானே மலையடிவாரத்துக்குப் போனேன். வன்னிக்கன்னு நாலு பாத்தேன். கோயில்ல வச்சி கும்புடுற மரமாச்சே, நீ சந்தோஷப்படுவன்னு ஈரத்துணியில சுத்திக் கொண்டாந்து வச்சேன். காலையில சாயங்காலம் ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தினேன், சுத்தி முள்ளு கட்டினேன். அசீசுன்னிசா அக்கா மதில் மேல எட்டிப்பாத்துட்டு, “தம்பி, சீமைக்கருவேலத்துக்கா வேலி கட்டுறே?”ன்னு கேட்டாங்க. சிரிச்சி சிரிச்சி அவங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. எனக்கும் வந்துச்சி, சிரிச்சதால இல்ல.

நீ இல்லாம எனக்கு ஒரு எழவும் தெரியல, ரஞ்சிதம்.

பாண்டுரங்கன்


அனந்தபுரம்
27-6-86

அவருக்கு,

சீமைக்கருவேலத்தைப் படிச்சிட்டு நானும் சிரிச்சிட்டேன். என்மேலயே கோவமா வந்துச்சி. நாலையும் வேரோட பிடுங்கிப் போடுங்க, இல்லன்னா கெணத்துத் தண்ணிய அதுங்களே குடிச்சிடும்.

அசீசுன்னிசா அக்கா வீட்டுல நான் குடுத்த நொச்சி இருக்குது. ஒரு குச்சி ஒடிச்சி நட்டா போதும். ஆவாரை விதைய கல்லுல தேச்சிட்டுப் போடுங்க. தெனம் தண்ணி ஊத்தி அழுக விடாதீங்க, அது மலங்காட்டுச் செடி.

துணி தோய்க்கிற கல்லுப் பக்கம் இருக்கிற மூலைய மட்டும் கொத்தாதீங்க. மழை வந்தா அங்க இன்னா வருதுன்னு பாத்து எழுதுங்க. அங்க இன்னா வச்சோம்னு ஞாபகம் வந்தா அதையும் எழுதுங்க. அதுக்கப்புறம் வர்றதா வேணாமான்னு நான் சொல்றேன்.

ரஞ்சிதம்


செஞ்சி
1-9-86

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு,

நொச்சி துளிர்த்துடுச்சி. ஆவாரை மூணு மொளச்சிருக்குது. நாலு மழை பேஞ்சிடுச்சி. தோய்க்கிற கல்லுப் பக்கம் ஒண்ணும் வரல.

ஆபீஸ் விட்டு வந்ததும் தெனம் அங்கதான் உக்காந்திருக்கேன். மழை விட்ட சாயங்காலத்துல மலை மேல புகை மாதிரி மேகம் எறங்குது. மண்ணையே பாத்துக்கினு இருந்தா எது நெனவு எது கனவுன்னு தெரியல. அப்படி உக்காந்திருந்த ஒரு நாள்தான் ஞாபகம் வந்துச்சி.

கண்வலிக்கிழங்கு. நமக்குக் கல்யாணமான மாசி மாசம். நம்ம ஊரு கிருஷ்ணகிரி மலைச் சரிவுல காஞ்ச தண்டு ஒண்ணைக் காட்டி, “இங்க தோண்டுங்க”ன்ன. டிபன் பாக்ஸ் மூடியால தோண்டினேன். ஏர்க்கலப்பை மாதிரி வளைஞ்ச கிழங்கு. செத்ததை இன்னாத்துக்கு எடுக்கிறன்னு கேட்டேன். சாகல, தூங்குதுன்ன. விஷக்கிழங்கு, கையோட சோத்தைத் தொடாதீங்கன்னு என் ரெண்டு கையையும் நீயே சோப்பு போட்டுக் கழுவிவிட்ட. அதை எப்படி மறந்தேன்னு எனக்கே தெரியல.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நாட்டு மருந்துக் கடை ஜெயராமன்கிட்ட மொளவிட்ட கிழங்கு இருந்துச்சி. கேட்டு வாங்கியாந்துட்டேன். இதை வச்சிட்டு வந்துடுச்சின்னு எழுதினா நீ வந்துடுவன்னு நெனச்சேன். கல்லு பக்கத்துல குழியும் தோண்டிட்டேன். அப்புறம் மனசு வரல, மறுநாளே கொண்டுபோய் திருப்பிக் குடுத்துட்டேன்.

நான் வச்ச ஆளு மம்முட்டி போட்டுக் கொத்தினப்பவே அது போயிருக்கும். வரல, ரஞ்சிதம். நீ வரமாட்டன்னு தெரிஞ்சும் எழுதுறேன்.

பாண்டுரங்கன்


அனந்தபுரம்
8-9-86

என்னங்க,

உங்க கடிதத்தை அடுப்பண்ட நின்னு மூணு தடவ படிச்சேன். சோறு குழஞ்சிபோச்சின்னு அம்மா திட்டினாங்க.

அந்த மூலையில ஒண்ணும் வராது. அன்னிக்கு நீங்க காபி போட உள்ள போனப்ப, அந்தக் கிழங்கை மட்டும் கையாலயே தோண்டி பையில போட்டுக்கினு வந்துட்டேன். இங்க அம்மா வீட்டு வேலி மேல ஏறி நாலு மொட்டு விட்டிருக்குது.

உங்களை வெறும் மண்ணுக்குக் காவல் வச்சது தப்புதான். வந்துச்சின்னு நீங்க ஒரு வரி எழுதியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். எங்க அப்படி எழுதிடுவீங்களோன்னு தபால்காரர் வர்றப்பெல்லாம் பயந்துக்கினு இருந்தேன்.

மொட்டு விட்ட கொடியப் பிடுங்கக் கூடாது. பூத்துக் காஞ்சி, தை மாசத்துலதான் கிழங்கை எடுக்கணும். அது அப்ப வரட்டும். நீங்களே டிபன் பாக்ஸ் மூடிய எடுத்துக்கினு வாங்க, எங்க தோண்டணும்னு நான் காட்டுறேன். கையும் கழுவிவிடறேன்.

பொழச்ச குரோட்டன்ஸ் அங்கயே இருக்கட்டும், பாவம்.

நான் வெள்ளிக்கிழமை பத்தரை மணி பஸ்ஸுல வரேன். காபி போட்டு வைங்க.

உங்க
ரஞ்சிதம்