பெல்ட்டுக்கு ஓர் உறை

என்னங்க,

சாப்பாட்டை அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். பதினொரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார்.

சீட் பெல்ட் போடாவிட்டால் கார் கத்துமே, அதை அடக்க நீங்கள் செருகி வைத்திருந்த கொக்கியைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். தேடுகிறேன் என்று வீட்டைத் தலைகீழாக்க வேண்டாம்.

"என் உசுரு, என் இஷ்டம், உனக்கென்னடி?" என்று நேற்று குதித்தீர்கள். அப்படி இஷ்டப்படி ஓட்டியவர்கள்தான் எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் இடுப்பொடிந்து கிடக்கிறார்கள். அவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கும் பெண்டாட்டிகளிடம் யாரும் இஷ்டமா என்று கேட்கவில்லை.

இனி நீங்கள் பெல்ட் போட்டால்தான் நானும் பாப்பாவும் காரில் ஏறுவோம். இன்று பஸ்ஸில் போகிறோம்.

பி.கு.: கழுத்தை அறுக்கிறது என்றீர்களே, பெல்ட்டுக்கு மெத்தென்று ஓர் உறை தைத்து மாட்டியிருக்கிறேன். கோபத்தோடு தைத்தது, தையல் கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.