நிற்கிற சைக்கிளுக்கு டிராஃபிக்

14 அக்டோபர், செவ்வாய்

மனசு உறுத்துகிறது. எழுதிவிட்டால் தூக்கம் வரும்.

வீட்டில் மிதிக்கிற என் உடற்பயிற்சி சைக்கிளில் நேற்று ஒரு அப்டேட் வந்தது. இனி கம்பெனி ஆப் மட்டும்தானாம். பூந்தமல்லி பாஷாவும் நானும் அவரவர் வீட்டிலிருந்து பந்தயம் விட்டது வேறொரு ஆப்பில். யார் எவ்வளவு தூரம் மிதித்தோம் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். இருவருக்கும் சர்க்கரை. ஏமாற்றக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடே.

இன்று போனை ஸ்பீக்கரில் போட்டு மிதித்தோம். தூரம் தெரியாததால், ரோட்டில் போயிருந்தால் இந்நேரம் எந்த ஊர் வந்திருப்போமோ அந்தப் பெயரை வாயால் சொல்லிக்கொண்டோம்.

"மாமே, ஆவடிலேர்ந்து கிளம்பி செந்நீர்குப்பம் வந்துட்டேன். நீ எங்க கீற?" என்றேன்.

"குமணன்சாவடியாண்ட நிக்கிறேன் மச்சான். செம டிராஃபிக்."

கூடத்தில் நிற்கிற சைக்கிளுக்கு என்ன டிராஃபிக்? நடுவில் மொறுமொறுவென்று சத்தம் வேறு.

"இன்னா சத்தம் அது?"

"செயின்ல எண்ணெய் இல்ல மச்சான்."

சமோசா சத்தம் எனக்குத் தெரியாதா? திட்ட வாயெடுத்தேன். கட்டிலில் படுத்தபடி கையால் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்த நான் அவனை என்னவென்று திட்டுவது?

"சரி மாமே, சிக்னல் விழட்டும். நானும் நிக்கிறேன்" என்றேன்.