விருந்துக்கு ஏற்றிய கொடி

சங்குமுனைத் தீவை ஆளும் அரசி பூதலவல்லி நாச்சியார் திருமுன்னர், மீனவர் தலைவர் பட்டங்கட்டி கயிலனும், துபாஷி மீரான் லெப்பையும், ஓலை எழுதும் தாமோதரனும் உடனிருக்க, தலைமுறை தலைமுறையாய்த் துறைமுகக் கொடிமரம் காக்கும் குடியில் வந்த பிரதானி ஆதிச்சநம்பி, நீலக்கரை அரசர் மாறஞ்சாத்தர் சமூகத்துக்கு எழுதுவித்தது. தங்கள் வலைகள் நிறைக. தங்கள் வாசலில் அந்நியர் காவல் நில்லாதிருக்க.

விருந்தினர் கரையில் இருக்கும்வரை அவர் நாட்டுக் கொடியை நம் கொடிக்கு அருகே பறக்கவிடுவதும், கடைசி ஆள் படகேறிய பின்னரே அதை இறக்குவதும் இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கம். இஸ்பானியரிடமிருந்து தீவுகளை மீட்கப் புறப்பட்டு, மீட்டவற்றைத் தாமே வைத்துக்கொண்ட அமெரிக்கரின் கப்பலொன்று, நிலக்கரி கொட்டிவைக்க இடம் கேட்டு ஐப்பசியில் வந்தது. பிரதானி தம் கையாலேயே அவர்கள் கொடியை ஏற்றி விருந்திட்டார். கப்பல் போயிற்று, கரிக்குவியலுக்குக் காவலாக நான்கு சிப்பாய்கள் நின்றுவிட்டார்கள். ஆகவே கொடியும் நின்றது. விருந்தாளிகள் இன்னுமா கை கழுவுகிறார்கள் என்று கயிலன் சபையிலேயே கேட்டார். தம் குடிக்கு எவரும் மரியாதை கற்பிக்க வேண்டாம் என்று பிரதானி சீறிவிட்டு, நால்வருக்கும் நாள்தோறும் சோறு அனுப்பிவந்தார்.

தை மாதம் இரண்டாம் கப்பல் வந்தது. தீவார் தாமே விரும்பி எம் கொடியை ஏற்றி இத்தனை மாதம் காத்தமையால் இத்தீவை எம் பாதுகாப்பில் ஏற்றோம் என்று அதன் அதிகாரி வாசித்தார். பிரதானி வழக்கத்தை விளக்கினார். இவ்வளவு நல்ல மக்களுக்கு நல்ல ஆட்சி வேண்டாமா என்று அதிகாரி சிரித்தார். அதை மொழிபெயர்க்க மீரான் லெப்பை தயங்கினார். நம்மை வைத்துக்கொள்வதா விடுவதா என்று கடலுக்கு அப்பால் அவர்கள் சபையில் பெரும் வாதம் நடக்கிறதாம். நம்மைக் கேட்டவர் அங்கே ஒருவரும் இல்லை.

விருந்தினர் கரையில் இருக்கக் கொடியை இறக்கியவர் பிரதானியின் குடியில் இதுவரை இல்லை. அவர் ஒருநாள் முழுதும் உண்ணாதிருந்தார். அரசியார் ஆணையிடவில்லை. மறுநாள் கொடி கீழே இருந்தது. கப்பலின் பீரங்கிகள் இப்போது ஊரை நோக்கியிருக்கின்றன.

தாங்கள் படை அனுப்ப வேண்டாம். அதற்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. தங்கள் துறைக்கு அவர்கள் வந்தால் சோற்றைக் கப்பலுக்கே அனுப்புக, கொடி ஏற்றாதிருக்க. இது அரசியாரின் வேண்டுகோள். சங்கு இலச்சினை இட்டோம்.

இன்னொன்று. கயிற்றைக் காற்று அறுத்தது என்று பிரதானியின் சுற்றத்தாரே அவரைக் காக்கப் பரப்பியிருக்கிறார்கள். அப்படியானால் மறுபடி ஏற்றிவிட்டு மறந்துவிடலாம் என்று அதிகாரியும் சொல்லியனுப்பினார். அது பொய். அன்று காற்று இல்லை. பட்டப்பகலில் முடிச்சை அவிழ்த்து, கொடியை மடித்து, வெற்றிலைத் தட்டில் வைத்துத் திருப்பியனுப்பியவர் இவ்வோலை எழுதுவிக்கும் ஆதிச்சநம்பி.