பகிடி இல்லை, இளப்பம்

நுரைச்சோலை

அன்பு மகள் ஸும்ராவுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் வாப்பாவும் சுகம். காற்றுத் தொடங்கிவிட்டதால் வாப்பா கடலுக்குப் போவதில்லை.

ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ எப்போது கதைத்தாலும் பக்கத்தில் மருமகனின் இருமலும் கேட்கிறது. அதனால்தான் கட்டாருக்குத் திரும்பும் அஸ்னாவிடம் இதைக் கொடுத்து, உன் கையிலேயே சேர்க்கச் சொன்னேன்.

போன கிழமை, அறைத் தரையில் பதிக்க எத்தனை மாபிள் தேவை என்று கேட்டேன். "அவர்ட்ட கேளுங்க உம்மா, நான் பிழையா சொல்லிருவன்" என்றாய். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள் நீ. பின்னால் மருமகன் அம்ஜத், "அவக்கு ரெண்டும் ரெண்டும் எத்தினண்டு தெரியா மாமி" என்று சிரித்தார். இது என்ன இளப்பமான கதை என்றேன். "இளப்பம் இல்ல உம்மா, பகிடி" என்று அவசரமாகச் சொன்னாய். நீ சிரிக்கவில்லை.

இளப்பம் என்ற அந்தச் சொல் மனதை விட்டுப் போகவில்லை. அகராதியில் பார்த்தேன். 'இள' என்பதுதான் வேராம். இளநீரும் இளசும் அதிலிருந்துதான். நம் தோட்டத்துக்குக் காய் வாங்க வருகிறவரை உனக்குத் தெரியும். முற்றின தேங்காயைத் தட்டிப் பார்த்து, விலையைக் குறைக்க 'இளசு' என்பார். ஆனால் விட்டுவிட்டுப் போகமாட்டார்.

உன்னோடு டியூஷன் வகுப்பு எடுத்த ஸபீனா லீவில் மாம்புரிக்கு வந்திருக்கிறா. அவ படிப்பிக்கும் தோஹா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் தேவையென்று இரண்டு தரம் உனக்கு ஃபோன் எடுத்தாவாம். இரண்டு தரமும் அம்ஜத்தான் கதைத்தாராம். "அவக்கு அவ்வளவு ஏலா. அவவே வேணாண்டு சொல்லிட்டா" என்றாராம்.

உனக்கு இது தெரியுமா? தெரிந்தே மறுத்திருந்தால் கடிதத்தைக் கிழித்துப் போடு, நான் இனிக் கேட்கமாட்டேன். மருமகனைப் பிழையாக நினைத்திருந்தால் அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். ஆனால் அப்படி ஒரு வேலை வந்திருந்தால் நீ முதலில் எனக்குத்தான் சொல்லியிருப்பாய்.

அந்த இடம் இன்னும் காலியாம். ஸபீனாவின் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நீயாகவே எடுத்துக் கதை மகள். வீட்டுக்கு வர வேண்டும் போலிருந்தால் வா, காரணம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

உன் மதிப்பை அல்லாஹ் உன் கண்ணுக்கே காட்டித் தருவானாக. ஆமீன்.

உன் உம்மா,
நஃபீஸா